புல்லம்மாவின் அரை மீட்டர்

என் மனைவிக்குக் காலில் சக்கரம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இல்லை, குறையாகத்தான் சொல்கிறேன். முப்பத்திரண்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா என்ன? அவள் கடல் உயிரியல் ஆய்வாளர். துறைமுகத்தில் போய் அவள் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். "புல்லம்மா வீடு எது?" என்று கேட்டால் எங்கள் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். குடாவின் அடியில் வளரும் கடற்புல்லை மாதத்துக்கு ஒருமுறை எண்ணுவதுதான் அவள் வேலை. மீன் குஞ்சு பொரிப்பதும் இறால் ஒளிந்து வளர்வதும் அந்தப் புல்லுக்குள்தானாம். அதனால் புல் கூடுகிறதா குறைகிறதா என்று யாராவது ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். அந்த ஒருவரை நான் கட்டிக்கொண்டேன்.

நான் ஜன்னல் செய்கிறவன். அலுமினிய ஜன்னல், கதவு, குளியலறைத் தடுப்பு. பட்டறை கீழே, வீடு மேலே. ஆய்வு நிலையத்தின் பழைய ஜன்னல்களை உப்புக் காற்று தின்றுவிட்டது என்று மாற்றிக் கொடுக்கப் போனேன். டிரில் மெஷினைச் சுவரில் வைத்ததுதான் தாமதம், உள்ளேயிருந்து ஒரு பெண் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க! தொட்டியில ஒரு நண்டு வயித்துல முட்டையோட இருக்கு. இந்த அதிர்வுக்கு மொத்தத்தையும் உதறிடும்."

"பொரிக்க எத்தனை நாள் ஆகும்?"

"பதினோரு நாள்."

"அதுவரைக்கும் ஜன்னல் இல்லாமலா இருப்பீங்க?"

"இருப்போம். நீங்க போயிட்டு வாங்க."

பன்னிரண்டாவது நாள் போனேன். குஞ்சுகளை நுண்ணோக்கியில் காட்டினாள். எனக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. எல்லாம் தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அங்கே ஆட்டிய தலையை இன்றுவரை ஆட்டிக்கொண்டே இருக்கிறேன்.

கல்யாணப் பேச்சுக்கு அவளுடைய அண்ணனைத் தேடிப் போனேன். படகில் நின்று இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவள ஒரு எடத்துல உக்கார வைக்க முடியாது மாப்பிள்ளை. நான் இருபது வருஷமா பாத்துட்டேன். பின்னாடி என்னைக் குறை சொல்லக் கூடாது," என்றார். அப்போதே மாப்பிள்ளை என்றுவிட்டார். பேச்சு முடிந்தது.

அப்பா கடலில் இறந்துபோனபோது அவளுக்கு எட்டு வயது, அண்ணனுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை அன்றோடு விட்டுவிட்டு அப்பாவின் இழுவைப் படகில் ஏறினார். வலையைக் கடலடியில் போட்டு இழுத்துக்கொண்டு போகும் படகு அது. விடுமுறை நாட்களில் தங்கையையும் ஏற்றிக்கொள்வார். வலையைக் கொட்டி மீனையும் இறாலையும் பொறுக்கிய பிறகு மிச்சம் ஒரு குவியல் கிடக்கும். நட்சத்திர மீன், பொடி நண்டு, நத்தை, பிய்ந்த புல். எந்தப் படகிலும் அதை மண்வெட்டியால் தள்ளிக் கடலில் விட்டுவிட்டு மேலே போவார்கள். இந்தப் படகில் மட்டும் ஒரு சின்னப் பெண் அந்தக் குவியலுக்குள் உட்கார்ந்து இனம் இனமாகப் பிரித்து எண்ணிக்கொண்டிருப்பாள். அண்ணன் படகை நிறுத்திவைத்துக் காத்திருப்பார். "எண்ணியாச்சா? தள்ளவா?" என்று கேட்பாராம். பக்கத்துப் படகுக்காரர்கள் சிரிப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். பள்ளி, கல்லூரி, அதற்கு மேல் ஆராய்ச்சிப் படிப்பு என்று அவளை அந்தப் படகின் முதுகில் வைத்தே கரை சேர்த்தார். இந்த ஊரில் எத்தனை அண்ணன்கள் அப்படிச் செய்வார்கள், சொல்லுங்கள்.

ஆய்வு நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு மாடி. கீழே தொட்டி அறை, தரை எந்நேரமும் ஈரம், இரண்டு பேராவது மாதம் ஒருமுறை வழுக்கி விழுவார்கள். மேலே இரும்பு அலமாரிகள், கண்ணாடி ஜாடிகளில் ஊறும் மீன்கள், கூட்டுப்புழு மாதிரி சுருட்டி வைத்த வரைபடங்கள். அந்த மருந்து வாடை அவள் சேலையில், தலைமுடியில், எங்கள் தலையணையில். வீட்டில் நாள்காட்டி கிடையாது, கடல் நீர் ஏறி இறங்கும் நேர அட்டவணைதான். மகளுடைய பிறந்தநாளைக்கூட நீர் வற்றும் நாள் என்று ஒரு தடவை இரண்டு நாள் தள்ளி வைத்தாள். ஃப்ரிட்ஜில் சேற்றுப் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் "சாப்பிடக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருப்பாள். சேற்றை எவன் சாப்பிடுவான் என்று கேட்டால், "உங்களை நம்ப முடியாது," என்பாள்.

அவள் எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே நடப்பது புரியாது. நீர் மிகவும் வற்றும் நாளில் படகில் போவாள். புல் படர்ந்த நான்கு இடங்கள், ஒவ்வொன்றிலும் பத்துத் தடவை ஒரு சதுரச் சட்டத்தைத் தண்ணீரில் போடுவாள். கண்ணாடி முகமூடியை மாட்டிக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து, அந்தச் சட்டத்துக்குள் எத்தனை புல் தண்டு இருக்கிறது என்று விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவாள். சராசரி இருநூறு. ஒரு சட்டத்துக்கு இருநூறு, அப்படி நாற்பது சட்டம். பைத்தியம் பிடிக்காதா? அவளுக்கு எண்ணாவிட்டால்தான் பிடிக்கும். மகள் பிறந்து இரண்டாவது மாதமே குழந்தையை என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டாள். காய்ச்சல், முழங்கால் வலி, கொட்டும் மழை, எதற்கும் ஒரு மாதம் விட்டதில்லை.

வேலையில் சேர்ந்த பதினான்காவது வருடம். படகிலிருந்து இறங்கும்போது இரும்புச் சட்டம் நழுவிப் படகுக்கும் படித்துறைக் கல்லுக்கும் நடுவில் மாட்டி வளைந்து ஒடிந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பட்டறைக்குள் வந்து நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"என்னங்க, ஒரு அரை மீட்டர் சட்டம் வேணும். நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு நீர் வத்துது."

"சதுரமா?"

"அரைக்கு அரை. ஒரு மில்லிமீட்டர் பிசகக் கூடாது."

"யாருகிட்ட பேசுற? நான் செஞ்ச ஜன்னல் எதாவது இதுவரைக்கும் சுவத்துல உக்காராம இருந்திருக்கா?"

"சரி சரி, கோவிச்சுக்காதீங்க," என்று சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டாள்.

இரண்டரை சென்டிமீட்டர் தடிமன் உள்ள சதுரக் குழாயை எடுத்தேன். மூலைகளைச் சாய்வாக அறுத்து இணைத்தேன். மூலைக்கு மூலை அளந்து கோணம் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் மிகச் சரியாக அரை மீட்டர். காலையில் எடுத்துத் தூக்கிப் பார்த்து, "பூ மாதிரி இருக்கு," என்றாள். அது இருபது வருடம் உழைத்தது. நான் செய்த எதுவும் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அந்த மாதம் சராசரி இருநூறுக்குப் பதில் நூற்று அறுபத்திரண்டு வந்தது. அடுத்த மாதம் நூற்று அறுபது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தண்ணீரின் சூட்டைப் பார்த்தாள், உப்பைப் பார்த்தாள், இலையில் நோய் இருக்கிறதா என்று வெட்டிப் பார்த்தாள். எல்லாம் வழக்கம்போல இருந்தது. ஒரே மாதத்தில் ஐந்தில் ஒரு பங்கு புல் எங்கே போயிற்று? வழக்கத்துக்கு மாறாக மிச்சம் நின்றது ஒன்றுதான்: அந்த வருடம் குடாவுக்குள் இழுவைப் படகுகள் அதிகம். கட்டுரை எழுதினாள். அரசாங்கம் குழு போட்டது. துறைமுக மண்டபத்தில் படகுக்காரர்களையும் கூட்டிப் பேசினார்கள். அன்றைக்கு நான் ஏதோ ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கண்ணாடி பொருத்திக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குப் போகவில்லை. குடாவுக்குள் இருபது வருடம் இழுவைப் படகு கூடாது என்று தடை வந்தது. நாற்பது படகுகள் வெளியேறின. அதில் ஒன்று மச்சானுடையது. வெளிக்கடலுக்குப் போகிற அளவுக்கு அது பெரிய படகும் இல்லை. நான்கு மாதத்தில் விற்றுவிட்டு, ஐஸ் ஆலையில் மேற்பார்வை வேலைக்குப் போய்விட்டார்.

அதோடு அவர் தங்கையிடம் பேசுவதை நிறுத்தினார். சண்டை கிண்டை எதுவும் இல்லை. பேசவில்லை, அவ்வளவுதான். எங்கள் மகள் கல்யாணத்துக்கு வந்தார், மகளைத் தலையில் தொட்டு வாழ்த்தினார், என் தோளில் தட்டினார், சாப்பிட்டார். எதிரே நின்ற தங்கையைச் சுவரைப் பார்ப்பது மாதிரி பார்த்தார். போகும்போது, "வீட்டுல சொல்லிடுங்க மாப்பிள்ளை," என்றார். வீட்டில் என்றால் ஒரு முழம் தள்ளி நின்ற இவள்!

படகு போன ஆத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இவள் அதற்குப் பதில் வைத்திருந்தாள். "புல்லு போனா மீன் போகும். மீன் போனா அண்ணன் படகு எதைப் பிடிக்கும்?" இதை என்னிடம் சொன்னாள், சமையலறைக் குழாயிடம் சொன்னாள், செருப்பு மாட்டும்போது சொன்னாள். அவரிடம் போய்ச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவளுடைய ஓட்டம் இன்னும் மோசமானது. ஒரு கூட்டம் முடிந்தால் இன்னொரு கூட்டம், ஒரு கடற்கரை முடிந்தால் இன்னொன்று. வீட்டில் இருக்கும் நாளிலும் டீயை நின்றுகொண்டே குடிப்பாள். பாதி டம்ளரை எங்காவது வைத்துவிட்டு மறந்துவிடுவாள். ஜன்னல் விளிம்பிலிருந்து, புத்தக அலமாரியிலிருந்து எல்லாம் நான் ஆறிப்போன டீ பொறுக்குவேன்.

புல் வளர்ந்தது. ஒன்பது வருடத்தில் சட்டத்துக்குள் இருநூற்றுப் பத்து. எங்கெங்கிருந்தோ ஆட்கள் பார்க்க வந்தார்கள். விருதும் கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த அந்த விருதை அவள் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டாள்.

ஓய்வு பெற எழுபது நாள் இருந்தபோது ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், அவள் மேஜையின் மறுபக்கம் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு ஆய்வு நிலையங்களின் புல் கணக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப் போகிறார்களாம். ஏழாவது கேள்வி, சட்டத்தின் உள்பக்க அளவு. மனப்பாடமாகத் தெரிந்ததை எழுதிவிட்டுப் போக வேண்டியதுதானே? எழுந்து போய்ப் பால்கனியில் சாய்த்துவைத்திருந்த சட்டத்தை எடுத்து வந்தாள்.

"என்னங்க, அந்த டேப்பைக் குடுங்க."

அளந்தாள். திருப்பிப் போட்டு அளந்தாள். மூன்றாவது பக்கத்தையும் அளந்தாள்.

"நாப்பத்தஞ்சு," என்றாள்.

"என்ன நாப்பத்தஞ்சு?"

"உள்ள நாப்பத்தஞ்சு சென்டிமீட்டர்."

"ஆமா. வெளிய அம்பது. குழாய் ரெண்டரை, ரெண்டு பக்கமும் சேத்தா அஞ்சு. சரியாத்தானே இருக்கு?"

சொல்லி வாயை மூடுவதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. ஜன்னல்காரனுக்கு அளவு என்றால் வெளியளவு. சுவரில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, அதற்குள் சட்டம் போய் உட்கார வேண்டும். அரை மீட்டர் என்று சொன்னால் என் தொழிலில் எவனும் அதைவிட ஒரு நூல் பெரிதாகச் செய்ய மாட்டான். அவளுக்கோ அளவு என்றால் உள்ளே இருப்பது, அங்கேதானே எண்ணுகிறாள். அவள் அரை மீட்டர் கேட்டாள், நான் அரை மீட்டர் கொடுத்தேன். சட்டத்துக்குள் அகப்படும் இடம் மட்டும் நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு குறைந்து போயிற்று.

படிவத்தின் பின்பக்கம் பெருக்கிப் பார்த்தாள். இருநூறில் பத்தொன்பது சதவீதம் போனால் நூற்று அறுபத்திரண்டு. அந்த வருடம் வந்த அதே எண்.

"புல்லு குறையவே இல்லீங்க," என்றாள்.

பிறகு நடந்ததை என்ன சொல்ல! சமையலறைக்கும் பால்கனிக்கும் நடந்தாள். அலமாரியைத் திறந்து முப்பத்துநான்கு வருடப் பதிவேடுகளையும் தரையில் இறக்கினாள். நடுவில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி நடந்தாள். மணி நான்காகியும் நின்றபாடில்லை. எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"யாருக்குத் தெரியும்? அம்பதுன்னு எழுதிட்டுப் போயேன்!"

அவள் பார்த்த பார்வையில் நான் குரலை இறக்கினேன்.

"இல்ல, கேக்கறேன். தடை போட்டதுக்கு அப்புறம் புல்லு வளந்துச்சா இல்லையா? அது இதே சட்டத்துலதானே எண்ணின?"

"வளந்துச்சு. அது நிஜம்."

"அப்புறம் என்ன? நல்லதுதானே நடந்திருக்கு?"

"நல்லது நடந்தது வேற. நாப்பது படகை வெளிய போன்னு சொன்னப்போ நான் காட்டின நம்பர் பொய்."

"அப்போ என்மேல சொல்லு. ஜன்னல்காரன் கெடுத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லு!"

"சட்டம் நீங்க செஞ்சது. அளந்து பாக்காதது நான்." நின்றாள். "எல்லாரையும் அளந்து பாரு, அளந்து பாருன்னு உயிரை வாங்கினவ நான். புருஷன் செஞ்சதாச்சேன்னு விட்டுட்டேன்."

கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

திங்கட்கிழமை நிலையத்தின் இயக்குநரிடம் சொன்னாள். நல்ல மனிதர்தான். கதவைச் சாத்திவிட்டுப் பேசினாராம். "அடுத்த மாசம் தடையை நீட்டிக்கிறதா எடுக்கிறதான்னு கூட்டம் இருக்கு. இதை இப்போ சொன்னீங்கன்னா தடையைத் தூக்கிடுவாங்க. நாப்பது இழுவலை ஒரு வாரம் இறங்கினா நீங்க வளத்ததெல்லாம் வழிச்சுட்டுப் போயிடும். கூட்டம் முடியட்டும், நீங்களும் ஓய்வு வாங்கிக்கோங்க. அப்புறமா சின்னதா ஒரு திருத்தம் போட்டுக்கலாம்." வீட்டுக்கு வந்து இதை என்னிடம் ஒப்பித்துவிட்டு, "அவர் சொல்றதும் நியாயம்தான்," என்றாள். அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. சொன்னால், பிள்ளை மாதிரி வளர்த்த புல் போனாலும் போகும். சொல்லாவிட்டால், அண்ணனின் படகைப் பொய் சொல்லிப் பறித்தவளாகவே சாக வேண்டும். ஐந்து நாள் அவள் எதையும் முழுதாகச் செய்யவில்லை. குழாயைத் திறந்து விட்டுவிட்டு நிற்பாள். போனை எடுப்பாள், வைப்பாள்.

ஆறாவது நாள் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, அண்ணன் வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

ஐஸ் ஆலைக்குப் பின்னால் மூன்றாவது மாடியில் வீடு. வாசலில் ரப்பர் பூட்ஸ் கவிழ்த்து வைத்திருந்தது. அண்ணி கதவைத் திறந்து, இவளைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டார். மச்சான் டிவி பார்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை. இவள் உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெளியளவு, உள்ளளவு, இருநூறு, நூற்று அறுபத்திரண்டு. சொல்லி முடித்ததும் அவர் கையை நீட்டினார். சட்டத்தை வாங்கி, உள்ளே சாண் வைத்து அளந்து பார்த்தார். பிறகு அண்ணியைப் பார்த்துப் பேசினார்.

"எங்க சொன்னாளோ அங்க போய்ச் சொல்லச் சொல்லு."

"இங்கதானே நிக்கிறா. நீங்களே சொல்லுங்களேன்," என்றார் அண்ணி.

"சொல்லச் சொல்லு."

"அண்ணா, படகு..." என்று இவள் ஆரம்பித்தாள்.

"படகைப் பத்தி இங்க யாரு பேசினா? அது கிழட்டுப் படகு. ரெண்டு வருஷத்துல நானே ஒடைச்சிருப்பேன்னு சொல்லு." சட்டத்தைத் தரையில் வைத்தார். "அன்னிக்கு மண்டபத்துல நான் எழுந்து நின்னேன். புல்லு குறையல, தினம் அது மேலதான் போறேன், நங்கூரத்துல அதே மாதிரிதான் சிக்கிட்டு வருதுன்னு சொன்னேன். அதுக்கு இவ என்ன சொன்னான்னு கேளு."

அண்ணி கேட்கவில்லை. நான்தான் இவளைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் இந்தப் பேச்சை என் காதில் போட்டதே இல்லை.

"'ஐயா, கண்ணால பாத்ததெல்லாம் அளவு ஆகாது. உக்காருங்க'ன்னு சொன்னேன்," என்றாள்.

"ஐயா!" என்றார் மச்சான், அண்ணியிடம். "இருநூறு பேர் முன்னாடி. தோள்ல தூக்கிச் சுமந்தவன் நான். எவனோ வழிப்போக்கன் மாதிரி ஐயாவாம்."

"அண்ணான்னு கூப்பிட்டா, சொந்தக்காரனுக்காகப் பேசறேன்னு சொல்லிடுவாங்கன்னு பயந்தேன்," என்றாள் இவள். "வேற ஒண்ணும் இல்ல. சத்தியமா வேற ஒண்ணும் இல்ல."

அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். படியிறங்கி வந்தபோது இவள் எங்கள் வண்டியைத் தாண்டி எங்கோ போய்க்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டு நிறுத்த வேண்டியிருந்தது.

கூட்டம் அதே மண்டபத்தில். பிளாஸ்டிக் நாற்காலிகள், கீச்சிடும் மைக், சத்தம் போடும் மின்விசிறிகள். மேடையில் குழுத் தலைவர், பக்கத்தில் குறிப்பெடுக்கும் எழுத்தர். இயக்குநர் முதல் வரிசையில் உட்கார்ந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். கடைசியில், கதவை ஒட்டி, ரப்பர் பூட்ஸோடு மச்சான் நின்றுகொண்டிருந்தார்.

அவள் சட்டத்தோடு மேடை ஏறினாள். படகுக்காரர் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னாள். எல்லோர் முன்னாலும் உள்ளே அளந்து காட்டி, நடந்த தவறைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். என்ன சொல்கிறாள் என்று மண்டபத்துக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் கூரை பறந்தது. "பத்தொம்பது வருஷம்!" என்று யாரோ நாற்காலியை எட்டி உதைத்தான். "எங்க பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டியே!" என்று ஒரு கிழவர் அழுதார். எனக்கு எழுந்து நின்று, நான்தான், நான்தான் செய்தேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் மைக்கை விடவில்லை.

"தடைக்கு அப்புறம் புல்லு வளந்தது நிஜம். அதனால தடையை எடுக்காதீங்கன்னுதான் இப்பவும் கேக்கறேன். ஆனா போட்ட வருஷம் அதுக்கு நான் காட்டின காரணம் தப்பு. ஒண்ணைச் சொல்லிட்டு இன்னொண்ணை மறைக்க என்னால முடியல." மூச்சு வாங்கியது. "இதே எடத்துல அன்னிக்கு ஒருத்தர் எழுந்து, புல்லு குறையலன்னு சொன்னார். நான் அவரை உக்காரச் சொன்னேன். அவர் சொன்னதுதான் சரி."

"யார் அவர்?" என்றார் குழுத் தலைவர்.

"என் அண்ணன்," என்றாள். மைக்கில் அவள் அழுகை பெரிதாகக் கேட்டது. "கூடப் பிறந்த அண்ணன்."

பிறகு வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் ஒரு வருடம் தடை நீடிக்கும், சரியான சட்டத்தில் படகுக்காரர்கள் முன்னிலையில் மறுபடி எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கப்புறம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. நிலையத்தில் பிரிவு விழா நடக்கவில்லை. கடைசி நாளில் வராந்தாவில் நிற்க வைத்து ஒரு உறையைக் கையில் கொடுத்தார்கள். அவளுடைய கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக அச்சில் வந்தது. இன்னமும் அவள் வீட்டுக்குள் நடந்துகொண்டுதான் இருக்கிறாள், நானும் டம்ளர் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆனால் அந்த மண்டபத்தில் நடந்ததில் ஒன்று பாக்கி இருக்கிறது. பேசிவிட்டு அவள் இறங்கி நடுவழியே வந்தாள். இரண்டு பக்கமும் வசவு. சிலர் வழி விட்டார்கள், சிலர் காலைக்கூட மடக்கவில்லை. நான் எழுந்து பின்னால் போனேன். கதவருகில் மச்சான் அப்படியே நின்றார். அவரைப் பார்க்கத் தைரியமில்லாமல் இவள் தரையைப் பார்த்துக்கொண்டு தாண்டப் போனாள்.

"எழுதினானா?" என்றார்.

யாரிடம் கேட்கிறார் என்று இவளுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். அண்ணி வந்திருக்கிறாரா என்று சுற்றிப் பார்த்தாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். நீ கடைசியா சொன்னதை அந்த ஆளு எழுதினானா, இல்ல சும்மா பேனாவைப் பிடிச்சுட்டு வேடிக்கை பாத்தானா? போய்ப் பாரு. எழுதலேன்னா எழுத வை."

சட்டத்தை அவர் கையில் திணித்துவிட்டுத் திரும்பி ஓடினாள். அறுபது வயது, இரண்டு முழங்காலும் போனவள், அந்தக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினாள். எழுத்தரின் மேஜைமேல் குனிந்தாள். அவர் எழுதியிருக்கவில்லை. விரலை வைத்துக் காட்டி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி எழுத வைத்தாள். மச்சான் சட்டத்தை மார்போடு பிடித்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காகிதத்தைக் கையில் எடுத்துப் படித்தாள், தலையைத் தூக்கினாள், அத்தனை பேர் தலைக்கு மேலாகத் தொண்டை கிழியக் கத்தினாள்.

"எழுதிட்டாங்கண்ணா!"